ஓய்வு வயதைக் கூட்டினால் காசு யாருக்கு மிஞ்சும்? வன்னியில் இருந்து போட்டுப் பார்த்த கணக்கு

பிரான்சில் 62ஐ 64 ஆக்கினார்கள், பிறகு அதை இடைநடுவில் நிறுத்தி வைத்தார்கள். சுவிசில் பெண்களுக்கு 64ஐ 65 ஆக்கினார்கள். டென்மார்க்கில் 70 என்கிறார்கள். கொழும்பிலோ 60ஆக இருந்தது 65 ஆகி, ஒரு வருடம் முடிவதற்குள் திரும்பவும் 60 ஆனது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்து இதை வாசிக்கிற ஒருவருக்குத் தலை சுற்றினால் அது அவருடைய பிழை இல்லை, ஏனென்றால் செய்திகளில் "ஓய்வு வயது" என்ற ஒரே பெயரில் வேறு வேறு விடயங்கள் வருகின்றன. கூட்டினால் அரசாங்கத்துக்கு லாபம், இளம் பிள்ளைகளுக்கு நட்டம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதில் பாதி சில நாடுகளில் சரி, மற்றப் பாதி வேறு சில நாடுகளில் சரி. வன்னியில் இரண்டு பாதியும் வேறு மாதிரித்தான் வேலை செய்கின்றன. அடியில் இருந்து பார்ப்போம்.

எந்த வயதைப் பற்றிப் பேசுகிறோம்?

மூன்று வயதுகள் இருக்கின்றன. மூன்றையும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பத்தில் முக்கால்வாசி போய்விடும்.

1. வேலையை விட்டு அனுப்பும் வயது. முதலாளியோ அரசாங்கமோ "இதற்கு மேல் வைத்திருக்கக் கடமை இல்லை" என்று சொல்லக்கூடிய வயது இது. இலங்கையில் அரச ஊழியருக்கு 60. தனியார் துறைக்கு 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் 60.

2. காசு கைக்கு வரும் வயது. ஓய்வூதியமோ சேமலாப நிதியோ எடுக்கலாம் என்கிற வயது. பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, லண்டன் செய்திகளில் வருவது பெரும்பாலும் இதுதான். இங்கே ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுக்கலாம்.

3. உடம்பு ஓய்வு கேட்கும் வயது. இதை எந்தச் சட்டமும் தீர்மானிப்பதில்லை. கச்சேரியில் கதிரையில் இருந்து வேலை செய்பவருக்கு 68 ஆகலாம், மேசன் வேலை செய்பவருக்கு 52 ஆகலாம்.

முதலாவதைக் கூட்டினால் ஆட்கள் கூடுதல் காலம் சம்பளம் எடுப்பார்கள். இரண்டாவதைக் கூட்டினால் கூடுதல் காலம் காசுக்காகக் காத்திருப்பார்கள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மூன்றாவது அசையாமல் நிற்க, மற்ற இரண்டையும் மேலே தள்ளினால் நடுவில் ஒரு இடைவெளி விழும். இந்தக் கட்டுரையில் நான் கடைசிவரை பார்க்கப்போவது அந்த இடைவெளியைத்தான்.

ஏன் கூட்டுகிறார்கள்

பெரும்பாலான நாடுகளில் ஓய்வூதியம் என்பது நீங்கள் கட்டிய காசை ஒரு பெட்டியில் வைத்திருந்து திருப்பித் தருவது இல்லை. இன்று வேலை செய்பவர் கட்டும் காசு இன்றைக்கே இன்றைய ஓய்வூதியருக்குப் போய்விடும். நாளை உங்களுக்கு வருவது நாளை வேலை செய்கிற பிள்ளைகளின் காசு. கட்டுபவர் நிறையப் பேராகவும் எடுப்பவர் கொஞ்சப் பேராகவும் இருக்கும்வரை இந்த முறை நன்றாக ஓடும்.

1889இல் பிஸ்மார்க் ஜேர்மனியில் முதியோர் காப்புறுதியைக் கொண்டுவந்தபோது வயது 70 என்று வைத்தார். அந்த வயதைத் தொட்டவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு, ஆகவே செலவும் குறைவு. 1916இல்தான் 65 ஆகக் குறைத்தார்கள். இன்றைக்குப் பணக்கார நாடுகளில் 65இல் ஓய்வு பெறுபவர் சாதாரணமாக 20 வருடம் இருக்கிறார். பிள்ளைப்பேறும் குறைந்துவிட்டது. யப்பானில் 100 பேரில் ஏறத்தாழ 29 பேர் 65ஐத் தாண்டியவர்கள்.

எங்களுக்கு இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 65 வயதைத் தாண்டியவர்கள் 7.9 சதவீதம். 2024 மதிப்பீட்டில் 12.6. இதை வேறு விதமாகச் சொன்னால், 15 தொடக்கம் 64 வயதுவரை உள்ள 100 பேருக்கு அப்போது 12 முதியவர்கள், இப்போது 19 முதியவர்கள். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு மாற்றம். ஐரோப்பா முதலில் பணக்காரரானது, பிறகு கிழடானது. நாங்கள் கையில் காசு சேர முதலே கிழடாகிறோம்.

இந்த நிலையில் எந்த அரசாங்கத்துக்கும் மூன்று வழிதான்: கட்டும் காசைக் கூட்டலாம், கொடுக்கும் காசைக் குறைக்கலாம், வயதைக் கூட்டலாம். முதல் இரண்டும் எல்லாருடைய கையையும் உடனே கடிக்கும். மூன்றாவது கொஞ்சம் தள்ளி, 50 வயதுக்காரரை மட்டும் கடிக்கும். அதோடு அது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: எடுப்பவர் இரண்டு வருடம் குறைவாக எடுக்கிறார், அதே இரண்டு வருடம் கூடுதலாகக் கட்டுகிறார். நிதி அமைச்சுகளுக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கூட்டிய நாடுகளில் நடந்தது

வேலை செய்பவர் தொகை கூடுகிறதா? கூடுகிறது. பிரித்தானியாவில் பெண்களின் ஓய்வூதிய வயது 60இல் இருந்து படிப்படியாக ஏறி 2020இல் 66 ஆனது. 60ஐத் தாண்டிய பெண்கள் வேலையில் நிற்பது கண்கூடாகக் கூடியது. ஆனால் வேலை இல்லாதவர்கள், வருத்தக்காரர், வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றவர்கள் அந்த வருடங்களை வருமானம் இல்லாமல் கடந்தார்கள். அந்த வயதுக்காரரிடையே வறுமை ஏறியது. ஆஸ்திரியாவிலும் இதே கதைதான்: ஒரு பகுதி வேலையில் நின்றது, இன்னொரு பகுதி வேலையில்லாதோர் உதவிப் பணத்துக்கு மாறியது. அரசாங்கம் ஒரு கையால் மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தை மற்றக் கையால் கொடுத்தது.

இளையவர்களின் வேலை போகிறதா? இங்கேதான் ஆட்கள் அதிகம் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு நாட்டில் இத்தனை வேலைதான் உண்டு, ஒருவர் எழும்பினால்தான் மற்றவர் இருக்கலாம் என்று நினைப்பது பொருளியலில் பழைய தவறு. வயதானவர்கள் அதிகம் வேலை செய்கிற நாடுகளில் இளைஞர் வேலையின்மை கூடுதலாக இருப்பதில்லை, பல இடங்களில் மறுவளம். சம்பளம் எடுக்கிறவர் செலவழிக்கிறார், அந்தச் செலவு வேறு வேலைகளை உண்டாக்குகிறது. சரி, அது நாடு முழுவதும், நீண்ட காலத்தில். ஒரு தனிக் கம்பனிக்குள் பார்த்தால் கதை வேறு. போர்த்துக்கலில் பெண்களின் வயதை 62இல் இருந்து 65 ஆக்கியபோதும், இத்தாலியில் 2011இல் திடீரென்று வயதை ஏற்றியபோதும், போக இருந்தவர்கள் போகாமல் நின்ற கம்பனிகள் புதிய ஆட்களை எடுப்பதைக் குறைத்தன. திடீரென்று செய்தால் இளையவருக்கு அடி, மெதுவாகச் செய்தால் அவ்வளவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஜேர்மனி 65ஐ 67 ஆக்க 2012இல் தொடங்கி 2031வரை எடுத்துக்கொள்கிறது. சீனா 2025 ஜனவரியில் தொடங்கி 15 வருடத்தில் ஆண்களின் 60ஐ 63 ஆக்குகிறது.

முதலாளி என்ன செய்வார்? சம்பளம் வயதோடு ஏறிக்கொண்டே போகிற இடங்களில் 60 வயதுக்காரர் விலை கூடிய ஆள். யப்பானில் பல கம்பனிகள் 60இல் ஓய்வு கொடுத்து, மறுநாள் அதே ஆளைக் குறைந்த சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கின்றன, ஏனென்றால் 65வரை வேலை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

பேரப்பிள்ளைகளை யார் பார்ப்பது? பொருளாதாரக் கட்டுரைகளில் இது ஒரு அடிக்குறிப்பாகத்தான் வரும். அம்மம்மா 65வரை வேலைக்குப் போனால் மகள் வேலையை விட வேண்டிவரும். இலங்கையில் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட சம்பள வேலையில் இல்லை என்கிற நிலையில், மூத்த பெண்ணை வேலையில் நிறுத்தி இளைய பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் சீர்திருத்தம் யாருக்கும் மிச்சம் தராது.

60, 65, பிறகும் 60: கொழும்பு ஏன் இரண்டு பக்கமும் போனது?

2021 நவம்பரில் பசில் ராஜபக்ச வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஓய்வு வயது 65 ஆனது. 2022 ஓகஸ்ட் 30ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க வாசித்த இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் திரும்ப 60 ஆனது. 60ஐத் தாண்டியவர்கள் 2022 டிசெம்பர் 31ஆம் திகதியோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். எட்டு ஒன்பது மாதத்துக்குள் நாடு இளமையாகிவிடவும் இல்லை, கிழடாகிவிடவும் இல்லை. பிறகு ஏன்?

அரச ஓய்வூதியத்தில் ஊழியர் தனக்கென்று எதுவும் கட்டுவதில்லை. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்குக் கழிப்பது வேறு. முழுக் காசும் வரியில் இருந்து, திறைசேரியில் இருந்து வருகிறது. ஐரோப்பாவில் சொல்லும் "கூடுதலாகக் கட்டுவார்" என்ற பாதி இங்கே கிடையாது. அப்படியானால் மிச்சம் எங்கே இருந்து வரும்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம், இலக்கங்கள் விளக்கத்துக்கு மட்டும். 60 வயது ஆசிரியர் ஒருவரின் சம்பளம் 100 ரூபாய், அவருக்கு வரக்கூடிய ஓய்வூதியம் 75, புதிதாக எடுக்கும் ஆசிரியரின் சம்பளம் 60 என்று வையுங்கள்.

1. அவர் வேலையில் நின்றால் செலவு 100. வகுப்பில் ஒரு ஆசிரியர் இருக்கிறார்.

2. அவர் போய், இன்னொருவரை எடுத்தால் 75ம் 60ம் சேர்ந்து 135. வகுப்பில் அதே ஒரு ஆசிரியர்.

3. அவர் போய், ஒருவரையும் எடுக்காவிட்டால் 75. வகுப்பு காலி.

4. போகும்போது 24 மாத ஓய்வூதியத்துக்கு ஈடான பணிக்கொடையை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். பிறகு பத்து வருடத்துக்கு மாத ஓய்வூதியத்தைக் குறைத்துக் கொடுத்துச் சரிக்கட்டுவார்கள், ஆனால் முதல் நாள் காசு திறைசேரியில் இருந்து இறங்கியாக வேண்டும்.

இப்போது பாருங்கள். கையில் காசு இல்லாத அரசாங்கம் பணிக்கொடையைத் தள்ளிப்போட நினைத்தால் வயதைக் கூட்டும். ஆட்தொகையைக் குறைக்க நினைத்தால் வயதைக் குறைத்து, புதிய ஆட்களை எடுக்காமல் விடும். முதலாவது 2021 இறுதி. இரண்டாவது 2022 ஓகஸ்ட். இடைக்கால வரவுசெலவுத் திட்டம் வாசித்து இரண்டாம் நாள், செப்டெம்பர் 1ஆம் திகதி, சர்வதேச நாணய நிதியத்தோடு கடனுக்கான முதற்கட்ட உடன்பாடு (ஊழியர் மட்ட உடன்பாடு என்பார்கள்) வந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். வயதான சமூகம் பற்றிய கவலை இரண்டு முடிவிலும் பெரிதாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய வித்தையும் இல்லை: தமிழ்நாடு 2020 மே மாதத்தில், கொரோனா நேரத்தில், 58ஐ 59 ஆக்கியது, 2021இல் 60 ஆக்கியது. அங்கேயும் ஓய்வுபெறுவோருக்கான மொத்தத் தொகை தள்ளிப்போனதைத்தான் எல்லாரும் முதலில் கவனித்தார்கள்.

2022 டிசெம்பர் 31க்குப் பிறகு நடந்ததும் கணக்கின் மூன்றாவது வரிதான். ரயில்வேயில் ஆள் இல்லாமல் ரயில்கள் ரத்தாயின. அனுபவசாலிகள் ஒரே நாளில் போனார்கள், புதிய நியமனங்களோ இறுக்கப்பட்டிருந்தன. "பழையவர் போனால் இளையவருக்கு இடம்" என்று கைதட்டியவர்களுக்குக் கிடைத்தது வெற்றிடம், நியமனம் இல்லை.

அரசாங்க வேலையில் மட்டும் "ஒருவர் எழும்பினால்தான் மற்றவர் இருக்கலாம்" என்பது கிட்டத்தட்ட உண்மை. ஆளணி என்று ஒரு இலக்கம் அங்கீகரிக்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டி எடுக்க முடியாது. தனியார் தொழில் குறைந்து, பட்டதாரிகள் நியமனத்துக்காகக் காத்துக் கிடக்கிற வன்னியில் இது பொருளியல் புத்தகத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகக் குத்தும். அதிபர் 65வரை நின்றால் பிரதி அதிபரின் பதவி உயர்வு ஐந்து வருடம் பிந்தும், அவருக்குக் கீழே உள்ளவருக்கும் பிந்தும். அதே நேரம், கணித விஞ்ஞான ஆசிரியர் இல்லாத ஒரு மூலைப் பாடசாலையில் 60 வயது இரசாயனவியல் ஆசிரியரைக் கட்டாயமாக அனுப்புவது பைத்தியக்காரத்தனம். ஒரே வயதை எல்லாருக்கும் போடாமல், ஆள் தட்டுப்பாடான பாடங்களுக்கும் சேவைகளுக்கும் மட்டும் நீடிப்பதுதான் புத்தி. விசேட வைத்திய நிபுணர்கள் விடயத்தில் அரசாங்கம் நீதிமன்றம் வரை போய் வந்த பிறகு அப்படித்தான் செய்ய வேண்டிவந்தது.

பிந்தி நியமனம் கிடைத்தவர்கள்

வடக்கில் யுத்த காலத்திலும் அதற்குப் பிறகும் பல வருடம் தொண்டர் ஆசிரியராக நின்றவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு தொகைக்கு, சில இடங்களில் அதுவும் இல்லாமல், பாடசாலையைத் திறந்து வைத்திருந்தவர்கள். இவர்களுக்கு நிரந்தர நியமனம் கிடைக்கும்போது பலருக்கு நாற்பது தாண்டிவிட்டது.

ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். அதற்கு மேல் சேவைக்காலம் கூடக் கூட வீதம் கூடும். இருபத்தைந்து வயதில் உள்ளே போனவர் 60இல் 35 வருடத்தோடு வெளியே வருவார், அவருக்கு 65 என்பது கூடுதல் ஐந்து வருடச் சம்பளம், அவ்வளவுதான். 45இல் உள்ளே போனவர் 60இல் 15 வருடத்தோடு வருவார், 65 என்றால் 20 வருடத்தோடு வருவார், அவருடைய மிச்ச வாழ்க்கை முழுவதற்குமான ஓய்வூதியமே மாறுகிறது. 51இல் உள்ளே போனவருக்கு 60 என்றால் பத்து வருடமே நிரம்பாது. வயதைக் கூட்டுவது கொழும்பில் ஒரு மேலதிகாரிக்குச் செய்வதும், வன்னியில் ஒரு முன்னாள் தொண்டர் ஆசிரியைக்குச் செய்வதும் ஒன்றல்ல. 60க்குத் திரும்பியபோது இந்த வேறுபாட்டை ஒருவரும் தனியாக எடுத்துப் பேசவில்லை என்பது என் மனக்குறை.

தனியார் துறை: 60க்கும் 55க்கும் 50க்கும் நடுவில்

2021 சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு உரியது. அதற்கு முன் 55இல் அனுப்புவது வழக்கமாக இருந்தது, சில இடங்களில் பெண்களை 50இலேயே அனுப்பினார்கள். சட்டம் தொழிலாளிக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் ஏ9 வீதியில் வவுனியாவில் இருந்து பரந்தன்வரை உள்ள கடைகளையும் பட்டறைகளையும் எண்ணிப் பாருங்கள், 15 பேருக்குச் சம்பளப் பட்டியல் வைத்திருப்பவை எத்தனை?

சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். இதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம். இது உங்கள் பெயரில் உள்ள உங்கள் காசு. கடைசியில் ஒரே தடவையில் கைக்கு வரும், மாதாமாதம் வராது. வேலை வயது 60 ஆனபோதும் எடுக்கும் வயதை 55, 50 என்றே விட்டுவிட்டார்கள்.

யாராவது நாளைக்கு "அதையும் 60 ஆக்குவோம்" என்றால் பொருளாதார வாதம் அவர்கள் பக்கம் கொஞ்சம் இருக்கும். 55இல் எடுத்த காசு மகளின் கலியாணத்திலும் வீட்டுக் கூரையிலும் முடிந்து, 70 வயதில் ஒன்றும் மிஞ்சாது. அதோடு, அந்த நிதியின் பெரும்பகுதி அரசாங்கக் கடன் பத்திரங்களில்தான் கிடக்கிறது என்பதால் காசு இன்னும் ஐந்து வருடம் உள்ளே கிடந்தால் திறைசேரிக்கும் வசதி. இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. 2022இல் விலைவாசி ஏறிய வேகத்தில் உள்ளே கிடந்த காசின் பெறுமதிக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்த ஒருவர் "இன்னும் ஐந்து வருடம் வைத்திருங்கள்" என்பதற்குத் தலையாட்டமாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வன்னியில் இன்னொரு விடயம். கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் பலர் கலியாணத்தோடு நின்றுவிடுவார்கள். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் சேமலாப நிதியை அப்போதே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எடுத்துவிடுவார்கள். 24 வயதில் ஒரு பெண்ணின் ஓய்வுகாலச் சேமிப்பு முடிந்துபோகிறது. இவருக்கு 50, 55, 60 என்று எதைச் சொன்னாலும் ஒன்றுதான்.

வயலும் கடலும்

மேலே சொன்ன எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் வன்னி ஆட்களில் சின்னப் பங்குதான். இரணைமடுவுக்குக் கீழேயும் முத்தையன்கட்டுக்குக் கீழேயும் காலபோகம் சிறுபோகம் என்று வயல் செய்பவர்கள், நந்திக்கடலிலும் முல்லைத்தீவுக் கரையிலும் தொழில் செய்பவர்கள், கூலி வேலைக்காரர், வீட்டோடு ஆடு மாடு கோழி வைத்திருக்கும் பெண்கள், இவர்களை வேலையில் இருந்து அனுப்ப யாரும் இல்லை. யுத்த காலத்தில் வன்னிக்குள் இருந்த அரச ஊழியருக்குக்கூட கொழும்பில் இருந்து சம்பளம் வந்தது. மற்றப்படி வேலை செய்தவர்களுக்குச் சேமலாப நிதி என்று ஒரு சதமும் இல்லை, இருந்த சிலருடைய கடதாசிகளும் இடம்பெயர்வில் போய்விட்டன.

விவசாயிகளுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 60 வயதுக்கு முன் சேர்ந்து கட்ட வேண்டும், 60க்குப் பிறகு கிடைக்கும். கட்டியதும் சின்னத் தொகை, கிடைப்பதும் சின்னத் தொகை, இடையில் நிதி வற்றிக் கொடுப்பனவே நின்ற காலமும் உண்டு. மீனவருக்கும் இதே மாதிரி ஒன்று. இவற்றில் சேரும் வயதில் வன்னி விவசாயி ஒருவர் எங்கே இருந்தார் என்று யோசித்தால் ஏன் இங்கே சேர்ந்தவர் குறைவு என்பது விளங்கும்.

இவர்களுடைய ஓய்வு வயது உடம்பு சொல்வதுதான். அது ஐரோப்பிய மேசை வேலைக்காரரின் வயதைவிட முந்தி வரும். ஜேர்மனியில் 67 பற்றி விவாதம் வந்தால் கூரை போடும் தொழிலாளியை இழுத்துவந்து நிறுத்துவார்கள், "இவர் 67வரை ஓட்டின் மேல் ஏறுவாரா?" என்று. எங்களுக்கு அந்த ஆள் விதிவிலக்கு இல்லை, அவர்தான் சாதாரண ஆள். வெயில், மருந்தடிப்பு, யுத்தக் காயம், செல்துண்டை உள்ளே வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள், வவுனியா முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக வருத்தம். 55இல் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் இருப்பவரிடம் "நாடு வயதாகிறது, எல்லாரும் கூட உழைக்க வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து வரும் காசு

வன்னியில் வயதுபோனவர்கள் பலருக்கு உண்மையான ஓய்வூதியம் பாரிசில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிறது. ஆகவே அங்கே வயதைக் கூட்டுவது இங்கே ஒரு வீட்டுச் செய்தி.

பிரான்சில் 2023 சட்டம் 62ஐப் படிப்படியாக 64 ஆக்கியது. பெரிய ஆர்ப்பாட்டங்கள், அரசாங்க மாற்றங்கள், கடைசியில் 2025 இறுதியில் அதை 2028 ஜனவரிவரை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் பலருக்கு இந்தச் சண்டை அவ்வளவு சம்பந்தப்பட்டதில்லை. அங்கே முழு ஓய்வூதியத்துக்கு ஏறத்தாழ 43 வருடம் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீதம் வெட்டாமல் எடுக்க 67வரை நிற்க வேண்டும், அப்போதும் கட்டிய வருடங்களின் அளவுக்குத்தான் கிடைக்கும். 28 வயதில் போய், முதல் சில வருடம் உணவகங்களில் பதிவில்லாமல் வேலை செய்தவருக்கு 43 வருடம் எங்கே நிரம்பும்? அவருடைய வயது எப்போதும் 67தான். சுவிசிலும் இதே சிக்கல்: முழுத் தொகைக்கு 44 வருடம், குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 44இல் ஒரு பங்கு வெட்டு. அங்கே 2022இல் பெண்களின் வயதை 65 ஆக்க மயிரிழையில் சம்மதித்த வாக்காளர்கள், 2024 மார்ச்சில் எல்லாருக்கும் 66 ஆக்குவதை நான்கில் மூன்று பங்கு வாக்கால் தூக்கி எறிந்து, அதே நாளில் வருடத்துக்குப் 13ஆவது மாத ஓய்வூதியத்துக்கு ஆம் என்றார்கள். லண்டனில் 2026இல் தொடங்கி 66ஐ 67 ஆக்குகிறார்கள்.

இதன் விளைவு இரண்டு பக்கமும் போகும்.

1. அங்கே உள்ளவர் இன்னும் இரண்டு மூன்று வருடம் சம்பளம் எடுத்தால், அந்தக் காலத்துக்கு இங்கே காசு வரத்து நிற்காது. குறுகிய காலத்தில் வன்னிக்கு லாபம் என்றுகூடச் சொல்லலாம், சொல்லக் கூச்சமாக இருந்தாலும்.

2. முழுசாக நிரம்பாத ஓய்வூதியத்தோடு அவர் நிற்கும்போது அனுப்புவது குறையும். 1980களில் இருபது வயதில் போனவர்கள் இப்போது அறுபதைத் தாண்டுகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதே அளவு அனுப்புவார்கள் என்று கணக்குப் போடுவது சரியாக இருக்காது.

3. வயதான நாடுகளுக்கு ஆள் தேவை. ஓய்வு வயதைக் கூட்டுவதால் மட்டும் அந்தத் தட்டுப்பாடு தீராது, ஆகவே யப்பான் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறது, இஸ்ரேலும் எடுக்கிறது. வன்னிப் பிள்ளை ஒருத்தி ஒசாகாவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ள, அந்தப் பிள்ளையின் தாயை இங்கே அயலார் பார்க்கிற நிலை வரும். அந்த வேலைக்கு இங்கே சம்பளமும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை.

60க்கும் 70க்கும் நடுவில்

அரசாங்கம் வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கொடுக்கும் கொடுப்பனவு 70 வயதில்தான் தொடங்குகிறது. 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 5,000 ரூபாய், சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 10,000. ஆகவே ஓய்வூதியம் இல்லாத வன்னி ஆளுக்கு நாட்டின் உண்மையான "காசு கைக்கு வரும் வயது" 70. டென்மார்க் 2040இல் போக இருக்கிற வயதில் நாங்கள் ஏற்கனவே நிற்கிறோம், ஒரு பாராளுமன்ற விவாதமும் இல்லாமல். உடம்பு 55இல் நிற்கிறது, காசு 70இல் வருகிறது: முன்னே சொன்ன இடைவெளி இங்கே பதினைந்து வருடம்.

கொழும்பில் அடுத்த தடவை ஓய்வு வயது பற்றிய பேச்சு வரும்போது, அது ஏறத்தாழ 7 இலட்சம் அரச ஓய்வூதியரையும் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களையும் பற்றியதாகவே இருக்கும். 60ஐ 63 ஆக்குவதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, மெதுவாகவும் பாடம், சேவை பார்த்தும் செய்தால். ஆனால் அதில் மிஞ்சும் காசு எங்கே போகிறது என்பதை அதே வரவுசெலவுத் திட்டத்தில் எழுத வேண்டும். என் கணக்கில் அது போக வேண்டிய முதல் இடம் இந்த 70ஐ 65 ஆகக் குறைப்பது, இரண்டாவது இடம் பத்து வருடம் நிரம்பாமல் வீட்டுக்குப் போகிற பிந்திய நியமனக்காரருக்கு விகிதப்படி ஒரு சின்ன ஓய்வூதியம். இரண்டாவதற்கு ஆட்தொகை குறைவு, செலவும் பெரிதாக வராது. முதலாவது செலவானது, 65க்கும் 70க்கும் இடைப்பட்ட ஏழைகள் நாடு முழுக்க நிறையப் பேர். அதைப் படிப்படியாக, வருடத்துக்கு ஒரு வயதாக, அரச ஊழியரின் வயது ஏறுகிற அதே வேகத்தில் இறக்கிக்கொண்டு வரலாம்.